பாஸான குக்கர்கள் திரும்பி வரும் வீதி

“‘உங்க வீட்டுக் குக்கருங்க எங்க கேட்டுல முட்டி முட்டிப் பெயிண்டைப் பேத்துப் போட்டுதுங்க, ஹில்டா. இதோட மூணாவது வாட்டிங்க. வாயில்லாப் பொருளுன்னு நானும் பொறுத்துப் பாத்தனுங்க. ஒண்ணு அதுகளுக்கு வழி தெரியற மாதிரி பண்ணுங்க, இல்லாட்டி உங்கூட்டுக்காரரை வந்து என்ற கேட்டுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்க.’ இதுதான் எதிர்வீட்டு ராஜாமணி அக்கா சொன்னது. நான் ஒரு எழுத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. போய்ப் பதில் சொல்லிட்டு வாங்க” என்று ஹில்டா சொல்லி முடித்தபோது, அவள் புருஷன் அமலநாதன் மூன்றாவது இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். பிட்டதை வாயில் போட்டு, மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்து, அதற்கப்புறம், பெயிண்ட் உரிவது வாடிக்கையாளர் புகாரில் சேராது என்றார்.

ஹில்டா சட்னிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாலாவது இட்லியை அவர் வெறுமனே தின்றார்.

குக்கர்கள் வரத் தொடங்கி ஒரு வருஷமாகிறது. போன ஆனி மாதம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொடியில் போட்ட துணிகளையெல்லாம் அடுத்த வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு, ஹில்டா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது, ஐந்து லிட்டர் அன்னச்சுடர் குக்கர் ஒன்று தன் நீளக் கைப்பிடியை ஊன்றுகோலாக்கி, இப்படி ஒரு எட்டு அப்படி ஒரு எட்டாக, முழங்கால் வலிக்காரரைப் போல வீதி முனையிலிருந்து நடந்து வந்து, வீட்டு நம்பரைப் பார்க்கிற மாதிரி ஒரு நிமிஷம் நின்று, கேட்டைத் தள்ளி நுழைந்து, செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. ஹில்டா எட்டிப் பார்த்தாள். அதன் வயிற்றில் ஒட்டியிருந்த வட்டமான பச்சை ஸ்டிக்கரில் ‘தரம் பாஸ், அ.நா.’ என்றிருந்தது. புருஷனுக்குப் போன் செய்து, உங்களைத் தேடி ஒரு குக்கர் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு மீதி பீன்ஸை நறுக்கப் போனாள்.

அமலநாதன் அன்னச்சுடர் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு ஒரே வேலை. செய்து, பாலீஷ் போட்டு, அட்டைப்பெட்டிக்குள் போகக் காத்திருக்கும் குக்கர்களில் நூற்றுக்கு ஐந்தை எடுத்து, தண்ணீர் ஊற்றி, அடுப்பேற்றி, ஆவி கட்டி, ஒழுகுகிறதா, உறுமுகிறதா, விசில் வருகிறதா என்று பார்த்து, அந்த ஐந்தும் ஒழுங்காக இருந்தால் நூறுக்கும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார். அதனால்தான் பழுதான குக்கர்கள் கம்பெனிக்குப் போகாமல் அவர் வீட்டுக்கு வந்தன. கம்பெனிக்கு ஒன்பது வாசல், எந்த வாசலில் யாரிடம் போய் நிற்பது என்று ஒரு குக்கருக்கு எப்படித் தெரியும்? கையெழுத்துப் போட்டவருக்கு வீடு ஒன்றுதான்.

முதல் மாதம் நாலு வந்தன, அடுத்த மாதம் ஏழு. தாராபுரத்திலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும், மலையிறங்கி குன்னூரிலிருந்தும், பாலைவனத்தைவிடக் காய்ந்த ராமநாதபுரத்துச் சாலைகளிலிருந்தும், வெயிலில் சுட்டு, மழையில் நனைந்து, லாரி ஹாரனுக்கு ஒதுங்கி, அவை நடந்து வந்தன, வந்துகொண்டே இருந்தன. கோயம்புத்தூரும் அதற்குத் தக்கபடி தன்னைத் திருத்திக்கொண்டது. கணபதி சிக்னலில் நின்ற போலீஸ்காரர் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு சேர்த்து அவற்றையும் கை காட்டிக் கடத்திவிட்டார். டவுன் பஸ் கண்டக்டர்கள் பின்படியில் ஏற்றி, சீட்டுக்கு அடியில் ஓரமாக வைத்து, டிக்கெட் போடுவதா வேண்டாமா என்று டிப்போவில் கேட்டு, பால் கேனுக்கு என்ன வழக்கமோ அதுவே இதற்கும் என்று முடிவாகி நிம்மதியானார்கள். வேகத்தடை ஏற முடியாமல் ஒன்று குப்புற விழுந்து அரை நாள் கிடந்ததைப் பார்த்த கவுன்சிலர் ஓரத்தில் சாய்வாகச் சிமென்ட் பூசிக் கொடுத்து, அதில் தன் பெயரையும் எழுதிக்கொண்டார். நாய்கள் இரண்டு வாரம் குரைத்து அலுத்துவிட்டன. பங்குச் சாமியார் மட்டும், நவநாள் பூசை நேரத்தில் மாதா கோயில் வளாகத்தைக் குறுக்கு வழியாக அவை பயன்படுத்த வேண்டாமென்று அமலநாதன் வழியாகக் கேட்டுக்கொண்டார்; அமலநாதனும் குக்கர்களிடம் சொல்லிப் பார்த்தார்.

ஆனால் இதில் எல்லோரையும்விடச் சீக்கிரம் பழகிக்கொண்டது கம்பெனிதான். ஒரு குக்கர் வீட்டைவிட்டுக் கிளம்பினால் அந்த வீட்டுக்கு இரண்டே நாளில் புதுசு போய்விடும், பழசு கேட்காமலே திரும்பி வந்துவிடும், போன் இல்லை, கடிதம் இல்லை, வாய்ச்சண்டை இல்லை. புகார்ப் பதிவேடு வெள்ளைத்தாளாக ஆனது. முதலாளி சிவப்பிரகாசம் மகிழ்ந்துபோய், ‘கெட்டது உங்கள் வீட்டில் தங்காது, தவறு நேரும் முன்பே அதுவாகக் கிளம்பிவிடும்’ என்று பஸ்களின் முதுகில் விளம்பரம் எழுதினார். அதைப் படித்து நம்பாதவர்கள் கோயம்புத்தூரில் யாருமில்லை, ஏனென்றால் கிளம்பி வருவதைத்தான் தினமும் கண்ணால் பார்க்கிறார்களே. வெள்ளிக்கிழமைதோறும் கம்பெனி வேன் வந்து ஹில்டா வீட்டு மதிலோரம் நிற்கும் குக்கர்களை ஏற்றிக்கொண்டு போகும். போனதில் சிலவற்றை ஒடுக்கெடுத்து, பாலீஷ் போட்டு, மறுபடி பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினார்கள். அடியில் நசுங்கிய ஒரு மூன்று லிட்டர் குக்கர் நாலு மாதத்தில் மூன்று முறை வந்ததை ஹில்டா கவனித்தாள். மூன்றாவது முறை அது கேட்டுக்கு வெளியிலேயே உட்கார்ந்துகொண்டது.

தானாகத் திரும்புகிற பொருளை ஏன் மெனக்கெட்டு சோதிக்க வேண்டும் என்ற கேள்வி பிறகு வந்தது. நூற்றுக்கு ஐந்து, நூற்றுக்கு ஒன்றானது. அதற்கும் பிறகு, தர உறுதிப் பிரிவு எதற்கு என்ற கேள்வி வந்தது. அந்தப் பிரிவு மொத்தமும் உமையாள் என்ற ஒரே பெண். காரைக்குடிக்காரி, இருபத்தெட்டு வயது, கம்பெனியில் ஒருவருக்கும் பிடிக்காதவள். அமலநாதன் பார்ப்பது செய்து முடித்த குக்கரை. உமையாள் பார்த்தது குக்கர் செய்யப்படுகிற விதத்தை. தகடு எங்கிருந்து வந்தது, ரப்பர் வளையக்காரன் போன மாதம் கொடுத்த அதே சரக்கைத்தான் இந்த மாதமும் கொடுக்கிறானா, புதிதாகச் சேர்ந்தவனுக்கு வெல்டிங் சொல்லிக்கொடுத்தது யார், அச்சு எத்தனை அடி அடித்திருக்கிறது என்று, ஒரு குக்கர்கூடப் பிறக்காத நேரத்தில் போய் நின்று கேள்வி கேட்கிறவளை யாருக்குப் பிடிக்கும்? கெட்டதுதான் தானாகவே போய்விடுகிறதே, கெடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேறா என்று போன புரட்டாசியில் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். வழியனுப்பும்போது ஒரு குக்கர் பரிசு கொடுத்தார்கள். அவள் வாங்கவில்லை.

இதையெல்லாம் அமலநாதன் சாப்பாட்டு நேரத்தில் துண்டு துண்டாகச் சொல்லக் கேட்டிருந்த ஹில்டாவுக்கு அப்போதே எரிச்சல்தான். கான்வென்டில் அவளுக்குத் தையல் வகுப்பெடுத்த சிஸ்டர் கிளமென்ஷியா, முடித்துக் கொண்டுபோய் நீட்டும் பூவேலையை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். ஊசியில் நூல் கோக்கிற நேரத்தில்தான் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார், நூல் நீளமென்றால் அங்கேயே ஸ்கேல் விழும். உலையில் போடுகிற அரிசியில் கல் அரிக்காமல் விட்டுவிட்டு, உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்குப் பல் உடைந்ததும் ஓடிப்போய் வேறு தட்டில் சோறு வைப்பதற்குப் பெயர் பந்தி விசாரிப்பா என்று அவள் கேட்டாள். அமலநாதன், அது வேறு துறை என்றார்.

ராஜாமணி அக்காவின் பெயிண்ட் சண்டை வந்த அன்று மதிலோரம் முப்பத்தொரு குக்கர்கள் நின்றன. முந்தின நாள்தான் வேன் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தது; மாதத்துக்கு ஏழு என்று வந்தது இப்போது ஒரு நாளைக்கே முப்பது. வெயில் ஏற ஏற அங்கிருந்து ஊசிப்போன நாற்றம் கிளம்பியது. குக்கர்களைத் திறக்கக் கூடாதென்பது அமலநாதன் போட்ட சட்டம். கம்பெனிப் பொருள், சீல் உடைத்தால் கேள்வி வரும். ஒரு வருஷமாக ஹில்டா அதை மதித்திருந்தாள். அன்று அவர் ஸ்கூட்டர் வீதி திரும்பியதும், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைக்குக் கிட்டிய முதல் குக்கரைக் கால்களுக்கு நடுவில் இடுக்கி மூடியைத் திருகினாள்.

உள்ளே பருப்பு. அடியில் கொஞ்சம், பக்கங்களில் கொஞ்சம், புளித்துக் காய்ந்து. அதன்மேல் சுண்ணாம்புக் காரைப் பொடி, கூரையிலிருந்து உதிர்ந்தது. அடுத்ததில் உருளைக்கிழங்கும் கண்ணாடி வளையல் துண்டும். அதற்கடுத்ததில் சுண்டல், ஒரு பிள்ளையின் கிலுகிலுப்பை, பாதி உருகியது. நாலாவது மூடியின் உள்விளிம்பில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. பருப்பென்று நினைத்து நகத்தால் சுரண்டினாள். பருப்பில்லை. அதில் ஒரு முடி இருந்தது, புருவத்து முடி.

ஹில்டா குழாயடிக்குப் போய்க் கை கழுவினாள். மறுபடி கழுவினாள். பிறகு திரும்பி வந்து முப்பத்தொன்றையும் திறந்தாள். வெறுமையாக, கழுவித் துடைத்து, ஒன்றும் ஆவதற்கு முன்பு நல்லபடியாகக் கிளம்பி வந்த குக்கர் ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாமே ஆன பிறகு வந்தவை. ஒரு வருஷமாக இந்த ஊர் கைகாட்டி, பஸ் ஏற்றி, சாய்வுபோட்டு வழிவிட்டது எதற்கென்று அவளுக்கு அப்போது தெரிந்தது. தெரிந்ததும் உட்கார்ந்து அழுகிற ரகமில்லை அவள். வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கழுவத் தொடங்கினாள், கழுவ வேண்டியவர்கள் வேறு யார் யாரோ என்று திட்டிக்கொண்டே.

ஒன்பதாவதைக் கழுவும்போது அடியில் பாத்திரக்கடைக்காரன் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து தட்டுப்பட்டது. ‘ச. கோமளவல்லி, பெருந்துறை. புதுமனை புகுவிழா அன்பளிப்பு.’

மறுநாள் ஈரோடு பஸ் பிடித்து பெருந்துறையில் இறங்கி, குக்கர் நடந்துபோன வீடு எது என்று கேட்டாள். அந்த நகரில் அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பச்சைச் சுண்ணாம்பு வாசம் போகாத வீடு. கோமளவல்லியின் புருஷன் விசைத்தறி வைத்திருப்பவர், மரியாதையானவர், காபி கொடுத்து உட்காரவைத்து, கம்பெனியைப் பற்றிப் பாராட்டிப் பேசினார். இரண்டே நாளில் புதுசு அனுப்பிவிட்டார்களாம், ஒரு கேள்வி கேட்கவில்லையாம், இந்தக் காலத்தில் இப்படி யார் செய்கிறார்கள் என்றார். அந்தப் புதுசு அடுப்பில் இருந்தது. அவர் பேசப் பேச அது விசிலடித்தது. ஒவ்வொரு விசிலுக்கும் உள்ளறையிலிருந்து கட்டில் கிறீச்சிட்டது.

ஹில்டா எழுந்து உள்ளே போனாள். கோமளவல்லிக்கு முப்பது வயது இருக்கும். தாடையிலிருந்து கழுத்தெலும்பு வரை துணிக்கட்டு, ஒரு கண் மூடியே இருந்தது, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நீங்க கம்பெனியா என்று கேட்டாள். அந்தக் குக்கர் எங்கள் வீட்டுக்கு வந்தது என்று மட்டும் ஹில்டா சொன்னாள்.

“அது வெடிச்ச உடனே போகலீங்க அக்கா” என்றாள் கோமளவல்லி, உதடு அசையாமல். “நான் கீழ கெடக்கறப்ப கொஞ்ச நேரம் பக்கத்துலயே நின்னுச்சு. அப்பறந்தான் உருண்டு போன மூடியத் தேடி எடுத்து மாட்டிக்கிட்டுக் கெளம்புச்சு. அதுக்கே பொறுக்கலீங்க.”

ஹில்டா நேராகச் சமையலறைக்குப் போய், யாரிடமும் கேட்காமல் அடுப்பை அணைத்தாள். சோறு இன்னும் வேகலீங்களே என்றார் அந்த மரியாதையான மனுஷர். வேகாத சோற்றைத் தின்றால் வயிறுதான் வலிக்கும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்து அவள் போட்ட சண்டை இருபத்தேழு வருஷக் கல்யாணத்தில் போட்ட எல்லாச் சண்டைகளையும் சேர்த்து முறுக்கினது போலிருந்தது. முப்பத்தொரு மூடிகளையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாகக் காட்டி, இது யாருடைய புருவம், இது யாருடைய பிள்ளையின் கிலுகிலுப்பை, உங்கள் கையெழுத்துத்தானே, சொல்லுங்கள் என்றாள். நூற்றுக்கு ஒன்றைப் பார்த்து மற்ற தொண்ணூற்றொன்பதுக்கும் சத்தியம் பண்ணிக்கொடுக்கிற தைரியம் பூசை வைக்கிற சாமியாருக்குக்கூடக் கிடையாது, உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்றாள். அமலநாதன் மூடிகளைப் பார்க்கவில்லை.

“திறக்காதேன்னு நான் எதுக்குச் சொன்னேன்னு நினைச்சே” என்றார், மேசையின் மரத்தைப் பார்த்துக்கொண்டு.

இந்த மனுஷருக்குத் தெரியும். ஒரு வருஷமாகத் தெரியும். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது என்பதும் தெரியும். அவர் மெதுவாக, யாருக்கோ பாடம் ஒப்பிக்கிறவர் போல, திங்கட்கிழமை ஆறாயிரம் குக்கர் மகளிர் குழுக்களுக்குப் போகிறது, ஆடிக்கு முன்னால் கொடுத்தாக வேண்டும், ஒரு புகாரும் இல்லாத வருஷம் என்று முதலாளி எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார், குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறார் என்றார். அந்த ஆறாயிரத்துக்கும் ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டதா என்று ஹில்டா கேட்டாள். ஒட்டியாகிவிட்டது.

அதில் முந்நூறு ராஜாமணி அக்காவின் குழுவுக்கு. ஹில்டா வீதியைக் கடந்துபோய், பெயிண்ட் பேச்சை எடுக்கவிடாமல், பெருந்துறையில் பார்த்ததை முழுசாகச் சொன்னாள். ராஜாமணி அக்கா உச்சுக் கொட்டிக் கேட்டார். கண்கூடக் கலங்கியது. பிறகு, ஆனா கெட்டதுதான் தானா வந்துருதுங்களே ஹில்டா, தங்கறது நல்லதுதானுங்களே, எங்க புள்ளைக பேரெல்லாம் வெட்டறதுக்குக் கடையில சொல்லி வெச்சாச்சுங்க என்றார். ஹில்டாவுக்கு அந்தக் கேட்டை இன்னும் நாலு குக்கர் முட்டினால் தேவலை என்றிருந்தது.

உமையாளுக்குப் போன் செய்தாள். அவள் இப்போது காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறாள். ஹில்டா சொன்னதைக் கேட்டு அவள் அதிர்ச்சியாகவில்லை, இரக்கப்படவுமில்லை, மூடி பூட்டும் விளிம்பில் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று கேட்டாள். ஹில்டா மூடியைத் திருப்பிப் பார்த்து, கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம், விரலில் தடவினால் தெரிகிறது என்றாள். முப்பத்தொன்றிலும் அதே இடமா? முப்பத்தொன்றிலும் அதே இடம்.

“அப்ப அது மூணாம் நம்பர் பிரஸ், ஆன்ட்டி. அதுல தகட்டை மூடியா அடிக்கிற அச்சு நாப்பதாயிரம் அடிக்கு மேல தாங்காது, மாத்தணும். மாத்தலைன்னா விளிம்பு மயிரிழை வளையும். பூட்டின மாதிரி பூட்டிக்கும், ஆனா பூட்டாது. சார் நூத்துல ஒண்ணு இல்லை, நூறையுமே அடுப்புல வெச்சுப் பார்த்தாலும் அது முதல் நாள் தெரியாது. நூறாவது சமையல்ல தெரியும். அந்த பிரஸ்ல ஒரு மீட்டர் ஓடும், எத்தனை அடின்னு. அதுல என்ன நம்பர் இருக்குன்னு மட்டும் பாருங்க.”

திங்கட்கிழமை ஹில்டா மயில்கழுத்துப் பட்டுடுத்திப் புருஷனின் ஸ்கூட்டரில் உட்கார்ந்து போனாள். அவள் கோபம் அடங்கிவிட்டதென்று அமலநாதன் நினைத்திருக்கலாம். கம்பெனி வளாகத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். வாழை கட்டின ஆறு லாரிகள் வரிசையாக நின்றன, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துத் தயாராக. ராஜாமணி அக்கா குழுத் தலைவிகளோடு முன்வரிசையில் ஒரே நிறச் சேலையில் இருந்தார். சிவப்பிரகாசம் பேசினார், கைதட்டினார்கள், அமலநாதன் தோளில் ஜரிகைப் பொன்னாடை விழுந்தது, போட்டோ எடுத்தார்கள். குடும்பத்தையும் கூப்பிடுங்க என்று யாரோ சொன்னபோது குடும்பம் நாற்காலியில் இல்லை. கடைசி லாரியில் ஸ்டிக்கர் ஒட்டின நாற்பது குக்கருக்கு மூடி குறைந்ததால் உள்ளே ஒரே ஒரு பிரஸ் மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டிருந்தாள்.

மூன்றாம் நம்பர் பிரஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தவர் தங்கமுத்து, ஐம்பது வயதுக்காரர், சாருடைய வீட்டம்மா என்று தெரிந்ததும் தலைத்துண்டை எடுத்தார். மீட்டர் எங்கே என்று அவள் கேட்டாள். காட்டினார். இயந்திரத்தின் நெற்றியில், உள்ளங்கை அகலக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி முழுக்கச் சந்தனம், அதன் நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. எட்டு மாதச் சூட்டில் இறுகி, எண்ணெய்ப் புகை படிந்து, ஓடு மாதிரி ஆகியிருந்தது. உள்ளே ஒரு எண்ணும் தெரியவில்லை.

பக்கத்தில் ஆணியில் தொங்கிய பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள். இன்றைக்கு முப்பத்தொன்பதாயிரம் அடி. நேற்றும் முப்பத்தொன்பதாயிரம். போன மாதமும். தை மாதமும். பின்னால் போகப் போக, ஆயுதபூஜைக்கு மறுநாள் வரை, ஒவ்வொரு நாளும் தங்கமுத்துவின் கோழிக் கிறுக்கலில் அதே முப்பத்தொன்பதாயிரம், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அ.நா.

என்ன இது என்று அவள் கேட்டதற்குத் தங்கமுத்து மறைக்காமல் சொன்னார். ஆயுதபூஜை அன்றைக்கு முதலாளியம்மா தன் கையாலேயே எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்தார்கள். மற்றதுக்கெல்லாம் தகரத்தில் வைத்தார்கள், இதுக்கு மட்டும் கண்ணாடியில் அமைந்துவிட்டது. முந்தின வருஷங்களில் உமையாள் பாப்பா மறுநாள் காலையில் வந்து, கும்பிட்டுவிட்டு, ஈரத்துணியால் துடைத்துவிடும், சரஸ்வதிக்கும் நம்பர் தெரிய வேண்டாமா என்று சொல்லும். இந்த வருஷம் பாப்பா இல்லை. சாமிக்கு வைத்த பொட்டை, அதுவும் முதலாளியம்மா கையால் வைத்ததை, யார் துடைப்பது? கடைசியாகப் பார்த்த எண் முப்பத்தொன்பதாயிரம், அதையே எழுதுகிறேன், கூட்டி எழுதினால் பொய்யாகிவிடுமே என்றார்.

அவளைத் தேடிக்கொண்டு அதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். பொன்னாடையோடு அமலநாதன், சிவப்பிரகாசம், பட்டுச்சேலையில் முதலாளியம்மா, ராஜாமணி அக்கா, குழுத் தலைவிகள், பாலீஷ் போடுகிறவர்கள், லாரி டிரைவர்கள். அமலநாதன் அவள் காதருகில் குனிந்து, எனக்கும் தெரியும் ஹில்டா, ஆனால் நாம வேதக்காரங்க, சிலுவை கும்பிடறவங்க, நான் போய் அதைத் துடைத்தால் என்ன பேச்சு வரும் என்று யோசி என்றார், கெஞ்சுகிற குரலில். அவள் யோசித்தாள். அதை யோசித்துத்தான் அவளும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு பொட்டைத் துடைக்கப் பயந்து எத்தனை முகங்கள் என்று நினைக்கையில், அவளுக்கு அந்த பிரஸ்ஸுக்குள் கையை விட்டு அடிக்கலாம் போலிருந்தது.

“உங்க யாருக்கும் இன்னைக்கு நான் சொல்றது பிடிக்காது” என்று அவள் தொடங்கினாள். கான்வென்ட் அசெம்பிளியில் பேசிப் பழகிய குரல், மைக் இல்லாமலே பந்தல் வரைக்கும் போயிற்று. பெருந்துறையில் கோமளவல்லி என்று ஒருத்தி இருக்கிறாள் என்றாள். அவள் கண்ணைப் பற்றிச் சொன்னாள், கழுத்தைப் பற்றிச் சொன்னாள், மூடியில் ஒட்டியிருந்த புருவத்தைச் சொன்னாள். குக்கருங்க கெடறதுக்கு முன்னால கிளம்பி வரலை, கெட்டு, ஒருத்தியைப் பொசுக்கிட்டுத்தான் வருதுங்க, தினமும் முப்பது வருதுங்க, நீங்க எண்ணிப் பாராட்டிக்கறீங்க என்றாள். பாசாகித்தான் எல்லாம் வந்தது, ஒண்ணுகூட ஃபெயிலாகி வரலை என்றாள். முதலாளியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். சிவப்பிரகாசம் கடிகாரத்தைப் பார்த்தார். ராஜாமணி அக்கா தரையைப் பார்த்தார். வெளியே ஒரு லாரிக்காரன் எலுமிச்சம்பழம் நசுங்க முன்னால் நகர்ந்து பார்த்து, பிரேக் போட்டான்.

“இதை நானே துடைச்சிடுவேன். அதுக்கு எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனா நான் துடைச்சா, வேதக்காரி வந்து பொட்டழிச்சான்னுதான் நாளைக்குப் பேச்சா இருக்கும், உள்ள இருக்கிற நம்பரை ஒருத்தரும் பேசமாட்டீங்க. வெச்சவங்க இங்கதான் இருக்காங்க. எழுதறவர் இருக்கார். கையெழுத்துப் போடறவர் சால்வையோட நிக்கறார். வாங்கிட்டுப் போறவங்களும் இருக்காங்க. கும்பிட்டுட்டே துடைங்க, மன்னிப்புக் கேட்டுட்டே துடைங்க, எனக்கு ஒண்ணுமில்லை. யாராவது ஒருத்தர் வந்து இந்தக் கண்ணாடியைத் துடைச்சு, அதுல என்ன நம்பர் ஓடுதுன்னு சத்தமாப் படிங்க.”

பிரஸ் இறங்கியது, ஒரு மூடி விழுந்தது. ஏறி, மறுபடி இறங்கியது.